அடுக்கு டூல் பாக்ஸ் வாங்கப் போகிறீர்களா? அடிப்பெட்டியிலிருந்து யோசியுங்கள்

ஐந்து பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, கொக்கி மாட்டி, உருட்டிக்கொண்டு போய் வேலை நடக்கும் இடத்தில் நிறுத்தியபோது எனக்கே ஒரு கெத்து. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டிங் பிளேயர் தேவைப்பட்டது. அது அடியிலிருந்து இரண்டாவது பெட்டியில் இருந்தது. மேலே இருந்த மூன்றையும் கழற்றி இறக்கி, பிளேயரை எடுத்து, திரும்ப அடுக்கினேன். அப்புறம் டேப் தேவைப்பட்டது, அதுவும் அதே பெட்டி. மத்தியானத்துக்குள் அடுக்கு என்ற ஒன்றே இல்லை, அறை முழுக்கப் பெட்டிகள் பரந்து கிடந்தன, அவற்றில் தடுக்கி விழாமல் நடப்பதே தனி வேலையாகிவிட்டது.

இந்த வகைப் பெட்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உறுதி, தண்ணீர் புகாமை, எத்தனை கிலோ தாங்கும் என்பதைத்தான் பேசுகிறார்கள். அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான், கீழே சொல்கிறேன். ஆனால் தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு நாளில் நீங்கள் எந்தெந்தச் சாமானை எத்தனை தடவை எடுக்கிறீர்கள், அதை எடுக்க எத்தனை பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும்? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால், எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் என் கதைதான்.

முதலில் எல்லாவற்றையும் தரையில் கொட்டுங்கள்

நிஜமாகவே கொட்டுங்கள். இருக்கிற பழைய பெட்டி, பை, வாளி எல்லாவற்றையும் காலி செய்து தரையில் பரப்புங்கள். பிறகு வகை வகையாகப் பிரிக்காமல் வேலை வேலையாகப் பிரியுங்கள். ஸ்பேனர் எல்லாம் ஒரு பக்கம், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரு பக்கம் என்று பிரித்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒரு குழாய் மாட்டப் போகும்போது மூன்று பெட்டியைத் திறக்க வேண்டி வரும். குழாய் வேலைக்கு வேண்டியதெல்லாம் ஒரு குவியல், சுவரில் துளை போட்டு மாட்டும் வேலைக்கு ஒரு குவியல், மின்வேலைக்கு ஒரு குவியல். எல்லா வேலைக்கும் பொதுவாக வருகிற பத்துப் பன்னிரண்டு சாமான் இருக்கும்: டேப், கத்தி, பென்சில், பிளேயர், இரண்டு மூன்று டிரைவர், மட்டம் பார்க்கும் சின்ன லெவல், சுத்தியல். அவை தனிக் குவியல். இந்தக் கடைசிக் குவியல் எப்போதும் அடுக்கின் உச்சியில், மூடியே இல்லாத திறந்த தட்டிலோ கைப்பிடி வைத்த பையிலோ இருக்க வேண்டும். அதனால் நீங்கள் வாங்கப் போகிற வரிசையில் (ஒன்றோடொன்று சேரும்படி ஒரு கம்பெனி செய்யும் பெட்டிக் குடும்பத்தில்) அப்படி ஒரு திறந்த தட்டு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், இல்லாவிட்டால் எனக்கு அந்த வரிசையே வேண்டாம்.

அடுத்து இரண்டு அளவு. ஒன்று, உங்களிடம் இருப்பதிலேயே நீளமான சாமான் எது, அதை உண்மையிலேயே பெட்டிக்குள் வைத்துத்தான் ஆக வேண்டுமா? 60 சென்டிமீட்டர் லெவலுக்காகப் பெரிய பெட்டி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லெவலை வெளியே கட்டிக்கொண்டு போகலாமே. இன்னொன்று, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய் டிக்கியின் வாய் அகலம், உயரம், உள்ளே மேல்தட்டு வரை எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். உள்ளே இடம் நிறைய இருக்கும், வாய் சிறியதாக இருக்கும். அடுக்கோடு உள்ளே போகாத அடுக்கை ஒவ்வொரு தடவையும் பிரித்து ஏற்ற வேண்டும், அப்படிப் பார்த்தால் கொக்கிக்குக் கொடுத்த காசு வீண்.

பெட்டி போனால் வேறு வாங்கலாம், கொக்கி மாறினால் எல்லாம் மாறும்

ஒரு வரிசையில் முதல் பெட்டியை வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான கொக்கியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொன்றின் மேல் பெரும்பாலும் பொருந்தாது, அடித்தள அளவே வேறு. ஜெர்மனியின் டானோஸ் தயாரிக்கும் சிஸ்டெய்னர் என்ற அடுக்குப் பெட்டி 1993-இல் வந்தது, அதன் வழக்கமான அடித்தளம் 396 × 296 மில்லிமீட்டர். சோர்ட்டிமோவின் எல்-பாக்ஸ், அதாவது பாஷ் நீல நிறக் கருவிகளோடு வருகிற பெட்டி, 442 × 357. இரண்டையும் அடுக்க நினைத்தால் நடுவில் அடாப்டர் தட்டு தேடி அலைய வேண்டும்.

ஒரே கம்பெனிக்குள்கூட இந்தச் சிக்கல் உண்டு. டிவால்ட்டின் டஃப்சிஸ்டம், டிஸ்டாக் இரண்டும் ஒரே மஞ்சள் கறுப்புதான், ஒன்றின் மேல் ஒன்று நேரடியாகக் கொக்கி மாட்டாது. டஃப்சிஸ்டம் பெரியது, முரட்டு வேலைக்கு. டிஸ்டாக் சிறியது, கையில் தூக்கிப் போக. இது தெரியாமல் இரண்டிலும் ஒவ்வொன்றாக வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய. மறுபக்கம், வேறு பெயரில் விற்றாலும் சேர்கிறவையும் உண்டு: கிராஃப்ட்ஸ்மேனின் வெர்சாஸ்டாக் டிஸ்டாக்கோடு சேரும், மகிட்டாவின் மேக்பேக் சிஸ்டெய்னரோடு சேரும். இந்த உறவுமுறை தெரிந்திருந்தால் ஒரு கம்பெனியில் விலை அதிகம் என்றால் இன்னொன்றில் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய தலைமுறையோடு புதியது சேருமா என்பதையும் கேளுங்கள். சிஸ்டெய்னரில் 2010-இல் முன்பக்கம் ஒரே ஒரு திருகு வைத்த டி-லாக் வந்தது. ஒரு பக்கம் திருப்பினால் மூடி திறக்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் மேல்பெட்டியோடு இணையும், நடுவில் வைத்தால் மூடி மட்டும் பூட்டும். அதற்கு முன் பக்கவாட்டுக் கொக்கிகளோடு வந்த பெட்டிகளோடும் அது சேர்கிறது, முதல் காலத்தில் வாங்கியவர்கள் எதையும் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. ஒரு கம்பெனி இதுவரை தன் பழைய வாடிக்கையாளரை எப்படி நடத்தியது என்று பார்த்தால் இனிமேல் எப்படி நடத்தும் என்பது ஓரளவு தெரியும்.

உங்கள் பேட்டரி டிரில், கிரைண்டர் எல்லாம் ஒரே கம்பெனியாக இருந்தால் அவர்கள் கருவியோடு தரும் பெட்டி எந்த வரிசை என்று பாருங்கள். ஆனால் அதையே முடிவாக வைக்காதீர்கள். கருவியோடு வரும் பெட்டிக்குள் அந்தக் கருவிக்கென்று வார்த்த ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதில் டிரில்லும் சார்ஜரும் இரண்டு பேட்டரியும் தவிர ஒரு பிட் டப்பாகூட நுழையாது. அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு அதே பெட்டியில் டிரில்லோடு இம்பாக்ட் டிரைவரையும் வைக்கலாம். நான் எல்லாவற்றிலும் கழற்றிவிட்டேன்.

பரவலாகப் புழங்கும் வரிசையை எடுப்பதில் இன்னொரு ஆதாயம் இருக்கிறது. மில்வாக்கியின் பேக்கவுட் 2017-இல் வந்தது. இன்றைக்கு அதற்கு வேறு ஆட்கள் செய்த சுவர்த் தட்டு, உள்தட்டு, கப் தாங்கி வரை கிடைக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கிரிட்ஃபினிட்டி என்ற 42 மில்லிமீட்டர் கட்ட முறையில் பெட்டிக்குள் சின்னச் சின்னக் கிண்ணங்களை அவர்களே அச்சிட்டுக்கொள்கிறார்கள். யாருமே வாங்காத ஒரு வரிசையில் நீங்கள் மாட்டிக்கொண்டால் உடைந்த கொக்கிக்கு உதிரிகூடக் கிடைக்காது. எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது, பேர் சொல்ல வேண்டாம். பக்கவாட்டுக் கொக்கி ஒன்று போனதும் அந்தப் பெட்டி அடுக்கிலிருந்து ஓய்வு பெற்று இப்போது வீட்டில் பெயின்ட் பிரஷ் போட்டு வைக்கும் டப்பாவாக இருக்கிறது.

எடையை மறந்துவிடாதீர்கள்

பெரிய பெட்டி வாங்கினால் நிரப்பிவிடுவீர்கள். எல்லோரும் நிரப்புவோம். இரும்பு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7.8 கிலோ. திருகாணிகளைக் கொட்டி வைத்தால் இடையில் காற்று இருப்பதால் அதில் பாதிகூட வராது என்றாலும் ஒரு 20 லிட்டர் பெட்டியை ஆணி, ஆங்கர் (சுவர்த் துளைக்குள் பிடித்து நிற்பது), வாஷர் என்று நிரப்பிப் பாருங்கள், தரையை விட்டு எழும்பாது. அதனால் ஒரு எளிய விதி: கனமானது சின்னப் பெட்டியில், லேசானது பெரிய பெட்டியில். ஆங்கர், திருகு எல்லாம் உயரம் குறைந்த ஆர்கனைசரில், அதாவது உள்ளே கிண்ணம் கிண்ணமாகப் பிரித்த தட்டைப் பெட்டியில், போகட்டும். ஆழமான பெரிய பெட்டிக்குள் எக்ஸ்டென்ஷன் ஒயர், கையுறை, கயிறு, வேக்கம் குழாய் மாதிரி இடத்தை அடைக்கிற ஆனால் லேசான சாமான்.

எத்தனை கிலோ வரை? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் போட்டிருக்கும் தூக்கும் கணக்கில் உச்சவரம்பு 23 கிலோ. அதுவும் உடம்போடு ஒட்டிப் பிடித்து, தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில், முதுகைத் திருப்பாமல், எப்போதாவது தூக்கும் நல்ல நிலையில். தரையிலிருந்து குனிந்து, வண்டிக்குள் கையை நீட்டித் தூக்கும்போது அந்த வரம்பு இன்னும் இறங்கும். நான் ஒரு பெட்டிக்கு 15 கிலோ என்று வைத்திருக்கிறேன், வீட்டுத் தராசில் நான் ஏறி நின்று, பிறகு பெட்டியோடு ஏறி நின்று கழித்துப் பார்ப்பேன். காலிப் பெட்டியின் எடையையும் இதில் சேர்க்க வேண்டும். முரட்டு வரிசைகளில் காலி எடையே கணிசமாக இருக்கும், சக்கரம் வைத்த பெரிய அடிப்பெட்டி 10 கிலோவை ஒட்டி வரும்.

விளம்பரத்தில் போடும் தாங்கும் எடையும் நீங்கள் தூக்கும் எடையும் வேறு வேறு. பேக்கவுட்டின் சக்கரப் பெட்டி மொத்தம் 113 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். தள்ளிக்கொண்டு போக அது சரி. மாடிப்படி வந்தால்?

சக்கரம், படி, மண்

உங்கள் வழியில் படி எத்தனை என்பதை வைத்துத்தான் சக்கரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மெழுகின மாதிரி வழுவழுப்பான தரையில் மட்டும் தள்ளுவதென்றால் நான்கு சின்னச் சக்கரம் வைத்த தட்டையான டாலி போதும், எந்தப் பக்கமும் திரும்பும், குனிந்து சாய்க்க வேண்டாம். ஜல்லி, மண், வாசல்படி என்றால் பெரிய சக்கரம் இரண்டும் சாய்த்து இழுக்கும் கைப்பிடியும் வேண்டும். 9 அங்குலச் சக்கரம் தாண்டுகிற கல்லில் 5 அங்குலச் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று மாடி ஏறுகிற ஆள் என்றால் சக்கரத்தை மறந்துவிட்டு, ஒரு கைக்கு ஒரு பெட்டி என்று தூக்கக்கூடிய சின்ன வரிசையைப் பாருங்கள். கட்டிய அடுக்கைப் படியில் இழுத்து ஏற்றுவது வீரம்தான், ஆனால் ஒவ்வொரு படிக்கும் அடிப்பெட்டியின் கொக்கிதான் அடி வாங்கும்.

கைப்பிடியை முழுக்க வெளியே இழுத்து நேராக நின்று பாருங்கள். குட்டையாக இருந்தால் உயரமான ஆளுக்கு முதுகு போய்விடும், சாய்த்து நடக்கும்போது குதிகாலில் பெட்டி இடிக்கும்.

தண்ணீர், தூசி, துரு

தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான குறியீடு ஐபி. ஐபி65 என்று போட்டிருந்தால் முதல் எண் 6 தூசி துளியும் நுழையாது என்பதற்கு, இரண்டாவது 5 எந்தப் பக்கமிருந்தும் குழாயால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. ஐபி54 என்றால் தூசி கொஞ்சம் போகலாம், ஆனால் கெடுதல் செய்யும் அளவுக்கு இல்லை, தெறிக்கும் தண்ணீர் தாங்கும். இரண்டுமே தண்ணீரில் மூழ்கினால் பொறுப்பில்லை. திறந்த வண்டியில் மழையில் போகிறவருக்கு 65 வேண்டும். மூடிய வண்டி, வீட்டுக்குள் வேலை என்றால் 54 தாராளம், சொல்லப்போனால் ரப்பர் கேஸ்கெட்டே இல்லாததும் போதும்.

இறுக்கமாக மூடும் பெட்டியில் ஒரு வில்லங்கம் உண்டு. வெளியே உள்ள ஈரம் உள்ளே வராதது போலவே உள்ளே மாட்டிய ஈரமும் வெளியே போகாது. மழையில் நனைந்த உளியைத் துடைக்காமல் போட்டு மூடிவிட்டால் இரண்டே நாளில் பழுப்பாகிவிடும். வேலை முடிந்து வந்ததும் மூடிகளைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். காற்றழுத்தம் மாறும்போது மூடி உறிஞ்சிக்கொண்டு திறக்க அடம்பிடிக்கும், அதற்காகவே சில பெட்டிகளில் குட்டியாக ஒரு வால்வு இருக்கும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். கறுப்புப் பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே கொதிக்கும். லித்தியம் அயன் பேட்டரிக்கு அது பிடிக்காது. பேட்டரியைத் தனியாகச் சின்னப் பெட்டியில் போட்டு நிழலுக்கு எடுத்துப் போகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது, அதன் முனைகளில் உதிரித் திருகு எதுவும் பட்டுவிடாதபடி மூடியும் போடுங்கள்.

ஆர்கனைசர் வாங்கும்போது

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நான் அதிகம் திட்டியது இதைத்தான். திருகு, ஆங்கர் போடும் தட்டைப் பெட்டியை நீங்கள் கடையில் படுக்கவைத்துத்தான் பார்ப்பீர்கள். தூக்கிப் போகும்போது அது கைப்பிடியில் செங்குத்தாகத் தொங்கும். உள்ளே இருக்கும் கிண்ணங்களின் விளிம்பு மூடியோடு ஒட்டிப் பொருந்தவில்லை என்றால் 4 மில்லிமீட்டர் திருகும் 5 மில்லிமீட்டர் திருகும் ஒன்றாகக் கலந்து கல்யாணம் செய்துகொள்ளும். கடையிலேயே ஒரு கிண்ணத்தில் நாணயமோ சாவியோ போட்டு மூடி, செங்குத்தாகப் பிடித்துக் குலுக்கித் திறந்து பாருங்கள். நாணயம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி எடுத்து ஏணிக்கு மேலே கொண்டு போக முடியுமா என்றும் பாருங்கள். நிலையான தடுப்பு வைத்தவை விலை குறைவு, ஆனால் பெட்டியையே ஏணியில் ஏற்ற வேண்டி வரும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

முடிந்தால் இணையத்தில் படம் பார்த்து வாங்காமல் ஒரு தடவை கையில் பிடித்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு கொக்கியைத் திறக்க முடிகிறதா? ஒரு கையால் இணைக்க முடிகிறதா, இல்லை இரண்டு கையும் வேண்டுமா? இரண்டு பெட்டியைச் சேர்த்து, மேல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி லேசாக ஆட்டுங்கள், நடுவில் கடகடவென்று சத்தம் வந்தால் வண்டியில் வழி முழுக்க அந்தச் சத்தம்தான். மேல்பெட்டியை வைக்கும்போது தானாக உட்கார்ந்து கிளிக் ஆகிறதா, இல்லை முன்னே பின்னே நகர்த்தித் தடம் தேட வேண்டுமா? பேக்கவுட் மாதிரி முன்னும் பின்னும் நழுவிச் சேரும் முறையில் மேல்பெட்டியை நேராகத் தூக்க முடியாது, தாழை விடுவித்து முதலில் நகர்த்த வேண்டும். வண்டிக்குள் பக்கத்திலும் பின்னாலும் இடமில்லாமல் சொருகி வைக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

மூடியைத் திறந்து விட்டால் தானாக நிற்கிறதா, கையில் விழுகிறதா என்றும் பாருங்கள். கீலில் உலோகக் கம்பி இருந்தால் நல்லது, வெறும் பிளாஸ்டிக் மடிப்பு நீண்ட நாள் வராது. பூட்டுத் துளை இருக்கிறதா? இருந்தாலும் ரொம்ப நம்பாதீர்கள், கைப்பிடியும் சக்கரமும் வைத்த அடுக்கைத் திருடுகிறவனும் சுலபமாகத் தள்ளிக்கொண்டு போவான், சங்கிலியால் எதிலாவது கட்டினால்தான் உண்டு.

இழுப்பறைப் பெட்டி வாங்கலாமா?

ஆரம்பத்தில் சொன்ன அடிப்பெட்டிப் பிரச்சினைக்கு நேரடி மருந்து இதுதான். முன்பக்கம் இழுக்கும் டிராயர் வைத்த பெட்டி பெரும்பாலான வரிசைகளில் இப்போது கிடைக்கிறது. மேலே என்ன இருந்தாலும் கழற்றாமல் எடுக்கலாம். ஆனால் எடை கூட, விலை கூட, உள்ளே இடம் குறைவு, பெரும்பாலும் மூடிப் பெட்டி அளவுக்குத் தண்ணீரும் தாங்காது. சாய்த்து இழுக்கும்போது டிராயர் வெளியே வராமல் தாழ் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே ஒரு டிராயர் பெட்டி, அடுக்கின் நடுவில், ஸ்பேனர் சாக்கெட் செட்டுக்காக வைப்பது சரியான இடம். எல்லாவற்றையும் டிராயராக வாங்கினால் சக்கரம் வைத்த அலமாரியைத் தூக்கித் திரிகிற மாதிரி ஆகிவிடும்.

எத்தனை வாங்குவது?

மூன்று. ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு ஆர்கனைசர், மேலே ஒரு திறந்த தட்டு. ஐந்தும் ஏழும் சேர்ந்த செட் விலை குறைவாகத் தெரியும், அதில் ஒன்று இரண்டு உங்களுக்கு ஒருபோதும் பயன்படாத அளவில் இருக்கும். மூன்றோடு ஒரு மாதம் வேலை செய்யுங்கள், எதற்காக அடிக்கடி குனிகிறீர்கள் என்று கவனியுங்கள், நான்காவது எது என்று தானாகவே தெரியும். சக்கரத்தையும் அப்போது வாங்கினால் போதும். ஒரே பட்டறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் என்றால் இதெல்லாம் எதற்கு, சுவரில் நாலு ஆணி அடித்து மாட்டுங்கள், மிச்சக் காசில் ஒரு நல்ல பிளேயர் வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே என்ன என்று லேபிள் ஒட்டுங்கள். மூடியின் மேல் ஒட்டாதீர்கள், அடுத்த பெட்டி உட்கார்ந்ததும் அது மறைந்துவிடும். முன்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும் ஒட்டுங்கள், வண்டிக்குள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் ஒன்றாவது கண்ணில் படும்.